ஓர் இரவு தங்கினால் உள்நோயாளியா?

கேள்வி: அமெரிக்காவில் எங்களுடன் இருக்கும் என் மாமியாருக்கு வயது 68. மெடிகேர் காப்பீடு (65 வயதைக் கடந்தவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு. அடுத்த மாதம் உடல் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யவிருக்கிறார்கள். ஓர் இரவு தங்கினால் போதும் என்கிறார் மருத்துவர். அப்படித் தங்கினால் ‘வெளிநோயாளி’ என்று எழுதிவிடுவார்கள், செலவெல்லாம் நம் தலையில் விழும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. கையில் பட்டை கட்டி, கட்டில் ஒதுக்கி, இரவு முழுவதும் செவிலியர் வந்து ரத்த அழுத்தம் பார்த்துச் சென்றாலும், உள்நோயாளியாகச் சேர்க்கும்படி மருத்துவர் உத்தரவு எழுதாதவரை மெடிகேர் கணக்கில் அவர் வெளிநோயாளிதான். இரண்டு நள்ளிரவுகளைக் கடந்து தங்க நேரிடும் என்று மருத்துவர் எதிர்பார்த்தால் உள்நோயாளியாகச் சேர்க்கலாம் என்பது 2013 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள பொது விதி. ஆனால், உள்நோயாளியாக மட்டுமே செய்ய வேண்டிய அறுவை சிகிச்சைகளுக்கு மெடிகேர் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ளவற்றுக்கு ஓர் இரவே தங்கினாலும் உள்நோயாளியாகச் சேர்க்க இந்த இரண்டு நள்ளிரவு விதி தடையாகாது. பட்டியல் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், மாமியாரின் சிகிச்சைக்குரிய குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, அது இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இப்போதே விசாரியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, உள்நோயாளி என்றால் பார்ட் ஏ (மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பிரிவு) பொருந்தும்; நோயாளி முதலில் செலுத்த வேண்டிய தொகை 2025-இல் 1,676 டாலராக இருந்தது. வெளிநோயாளி என்றால் பார்ட் பி-யின் (மருத்துவர் கட்டணம், வெளிநோயாளிச் சேவைகளுக்கான பிரிவு) கீழ் நோயாளி தர வேண்டியது பெரும்பாலும் 20 சதவீதப் பங்கு. ஆயினும் ஒரு தனிச் சேவைக்கு மருத்துவமனை வாங்கும் பங்கு, பார்ட் ஏ-யில் அந்த ஆண்டு முதலில் செலுத்த வேண்டிய தொகையைத் தாண்டக் கூடாது. அறுவை மருத்துவரின் கட்டணம் இரண்டிலும் பார்ட் பி-தான். ஆகவே, வெளிநோயாளி என்ற ஒரே காரணத்தால் செலவெல்லாம் உங்கள் தலையில் விழாது. நாம் கவனிக்கத் தவறுவது மாத்திரைகளைத்தான்: வீட்டில் தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரையையே வெளிநோயாளிக்கு மருத்துவமனை கொடுத்தால், பார்ட் பி பொதுவாக அதற்குப் பணம் தராது.

என்னைக் கேட்டால், இந்த வகைப்பாட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது வேறு. உடல் நிறை குறியீட்டெண் (BMI) 35 அல்லது அதற்கு மேல், பருமனோடு தொடர்புடைய ஒரு நோயாவது இருத்தல், முன்பு செய்த மருத்துவச் சிகிச்சை பலன் தராமை ஆகிய மூன்றும் மருத்துவக் கோப்பில் தெளிவாகப் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் எந்த வகையில் சேர்த்தாலும் மெடிகேர் பணம் தர மறுக்கக்கூடும். அறுவைக்கு முன்பே அந்தக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கி, மாமியாருடன் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.