குழாயும் கூம்பும்: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

கொழும்பில் முதுகலை மாணவர்களுக்குக் கட்டுமான முகாமைத்துவம் கற்பிக்கிறேன். வார இறுதி வகுப்பு; பெரும்பாலோர் வேலைத்தளங்களில் இருப்பவர்கள். நல்ல நடைமுறை என்று எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்கிறார்கள், பரீட்சையில் ஒப்புவிக்கிறார்கள். திங்கட்கிழமை தளத்தில் பழைய கதைதான். நீங்கள் தளத்தில் நின்றவர். எப்படிக் கற்பிப்பது?

விரிவுரையாளர் ஒருவர்

அன்புள்ள விரிவுரையாளருக்கு,

அவர்களுக்கு விதி தெரியும். தெரிந்தே மீறுகிறார்கள். நானும் மீறியவன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடம் ஒன்று. காலி வீதி நெரிசலில் மாட்டிய கொங்கிரீட் லொறி தாமதமாக வந்தது. கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் கூம்பை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்துக் குத்தித் தூக்கினேன். கலவை சரியாமல் கூம்பின் உருவத்திலேயே நின்றது; அவ்வளவு இறுகிவிட்டது. மேலே ஆட்கள் காத்திருக்கிறார்கள், வானம் இருட்டுகிறது. “மாத்தயா (ஐயா), கொஞ்சம் தண்ணீர்” என்றார் பாஸ், அதாவது தலைமை மேசன். குழாய் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று அன்றும் தெரியும். லொறியைத் திருப்பினால் அடுத்தது எப்போது வரும், பாதி வார்த்த கொங்கிரீட் தளத்தை எங்கே முடிப்பது, யாரைக் கேட்பது, இவைதான் தெரியவில்லை. அந்தக் கலவையில் மாதிரிக்கு வார்த்த கனசதுரங்களை 28ஆம் நாள் நசுக்கியபோது பலம் போதவில்லை. அதற்குள் அடுத்த மாடிக்குப் பலகை அடித்தாயிற்று. அந்த மாதிரியைத் தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்ததால்தான் அதுவும் தெரியவந்தது. முன்பே எடுத்திருந்தால் அறிக்கை அழகாக இருந்திருக்கும். (உங்கள் மாணவர்களிடம் மாதிரியை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.)

ஆகவே அந்தப் பத்து நிமிடத்தை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் பாஸ், ஒருவர் பொறியியலாளர், ஒருவர் லொறிச் சாரதி. ஏன் தண்ணீர் கூடாது என்பதைப் பாஸுக்குச் சிங்களத்தில், விகிதம் என்ற சொல்லே வராமல் விளங்கப்படுத்தட்டும். ஆங்கிலத்தில் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்.

பிறகு கொங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மாலைக்குப் போங்கள். கலவை நிலையத்துக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? பயண நேரம் எவ்வளவு, தண்ணீர் இல்லாமலே இளக வைக்கும் கலப்புப் பொருள் எவ்வளவு, லொறியைத் திருப்பும் அதிகாரம் யாருக்கு? அந்தத் தொலைபேசி உரையாடலுக்குப் புள்ளி போடுங்கள். “தண்ணீர் சேர்க்கக் கூடாது” என்று எழுதுகிறவருக்கு ஒரு புள்ளியும் வேண்டாம்.

பாஸ் வேடத்துக்குக் கூச்சமில்லாத ஒருவர் தேவை. ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.