உங்களுக்குப் பிடித்த சரித்திரப் படத்தில் கதை ஓட்டைகளைக் கவனித்ததுண்டா? கவனித்த பிறகும் அந்தப் படம் பிடிக்கிறதா?

இரண்டுக்கும் பதில் ஆம். படம் 'பொன்னியின் செல்வன்'. 2022இலும் 2023இலும் வந்த இரண்டு பாகங்களும் எனக்கு மனப்பாடம். ஆனால் மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் அதை யாரும் பேசாமல் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுச் சண்டை தொடங்குவது முதல் பாகத்தின் இறுதியில் வரும் கடற்புயலில். கல்லடியில் தோணி வைத்துத் தொழில் செய்த என் மாமா, 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ணால் கண்டவர். "கப்பலோட்டுகிறவன் ஒருவன்கூட வானத்தைப் பார்க்கவில்லையா?" என்று கேட்பார். புயல் சொல்லாமல் வராது, முதலில் கடலின் அலை மாறும், காற்றின் திசை மாறும், அதைக் கண்டதும் தோணியைக் கரையில் ஏற்றிவிடுவார்கள் என்பது அவர் வாதம். அதே மாமா, படகோட்டிப் பெண் பூங்குழலி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஐம்பது கிலோமீற்றருக்குக் குறையாத நீரிணையைப் படகில் கடப்பதைப் பற்றி மூச்சுவிட மாட்டார். பூங்குழலி என்றால் அவருக்கு எல்லாம் சரி.

இலங்கைக் காட்சிகள் தாய்லாந்தில் எடுக்கப்பட்டவை. பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குப் போய்வருகிற எங்களுக்கு அந்தக் காடும் மலையும் அந்நியமாகத்தான் தெரிகின்றன. அது கண்ணுக்கு உறுத்தல், கதைக்கு ஓட்டை இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், தன்னைக் கொல்லும் சூழ்ச்சி என்று தெரிந்தும் கடம்பூர் மாளிகைக்குப் போவதை ஓட்டை என்பவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். சாவைத் தேடியே போகிறவனிடம் முன்னெச்சரிக்கையை எதிர்பார்ப்பது நியாயமா? அவனாக நடித்த விக்ரமின் முகத்திலேயே காரணம் இருக்கிறது.

என்னை உண்மையில் உறுத்துவது, அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன். படத்துக்கு மூலமான கல்கியின் நாவலில் அரசி செம்பியன் மாதேவியின் சொந்த மகன் சேந்தன் அமுதன். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் வேறொருத்தி பெற்ற பிள்ளை. கடைசியில் முடி சூடுபவர் சேந்தன் அமுதன். அரச ஆசையே இல்லாத அவரிடம் கரிகாலனின் தம்பி அருள்மொழி கிரீடத்தைக் கொடுப்பதை நாம் மனமாற ஏற்கிறோம். படம் இந்தப் பிள்ளை மாற்றத்தை வெட்டிவிட்டது. நேரம் போதாது என்பது விளங்குகிறது. ஆனால் அதனால் நேற்றுவரை சதிகாரர்களோடு கூடியிருந்த மதுராந்தகனுக்கே இன்று கிரீடம் போகிறது. அவர் மனம் மாறியதற்குப் படம் காட்டும் காரணம் எனக்குப் போதவில்லை. அருள்மொழியின் தியாகம் பெரிதாகத் தெரிய வேண்டிய இடத்தில், இவர் ஏன் இப்படி அவசரப்படுகிறார் என்றுதான் தோன்றுகிறது. ஐந்து பாக நாவலில் ஒரு முடிச்சை அறுத்தால் அதில் தொங்கும் மற்றதெல்லாம் விழும். பாடல் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த முடிச்சை வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. மனைவி பாடலின் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், வரலாறே இந்த இடத்தில் ஒழுங்காக இல்லை. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலானோரைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு, பின்னாளில் இராஜராஜனான அருள்மொழியின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவர்களுடைய நிலங்கள் பறிக்கப்பட்டதை அது சொல்கிறது. இராஜராஜன் அரியணை ஏறியது 985இல். கொலைக்கும் அதற்கும் இடையே மதுராந்தகன் என்ற உத்தம சோழன் பதினைந்து ஆண்டுகள் அளவில் ஆண்டார். அத்தனை காலம் அந்தக் குடும்பங்களின் நிலம் ஏன் கைவைக்கப்படாமல் இருந்தது? உத்தமனுக்கே கொலையில் பங்கு என்று சிலர் எழுதினார்கள், வேறு சிலர் மறுத்தார்கள். அப்படிப்பட்டவனுக்கு இராஜராஜன் ஏன் விட்டுக்கொடுத்துக் காத்திருந்தான் என்ற கேள்விக்கு மாமாவிடம்கூடப் பதில் இல்லை.