மைக்ரோஃபிலிம் ஓரத்தில் கறுப்புக் கட்டம்: ஸ்கேனில் வெட்டிவிடலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகப் பதிவறையில் ஒரு பீரோ நிறைய 16 மி.மீ. மைக்ரோஃபிலிம் சுருள்கள் (கோப்புகளைப் பக்கம் பக்கமாகச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம்) இருக்கின்றன. ஸ்கேன் செய்யக் கொடுக்கப்போகிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம் தெரிகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே, வெட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வெட்ட வேண்டாம். அதற்கு ‘பிளிப்’ என்று பெயர். ஃபிலிமைப் பெரிதாக்கிக் காட்டும் ரீடர் கருவியில் சுருள் ஓடும்போது, கட்டம் குறுக்கே வரும் ஒவ்வொரு முறையும் ஒளி மறைபடும். கருவி தன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 1247 என்று தட்டினால் அந்தப் பக்கத்தில் போய் நிற்கும். கட்டங்கள் மூன்று அளவில் இருந்தால், வழக்கமாகப் பெரியது புதுக் கோப்பையும், நடுத்தரம் அதற்குள் ஒரு பிரிவையும், சிறியது பக்கத்தையும் குறிக்கும்.

இந்த எளிய கட்டத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் மெக்கார்த்தி, காசோலைகளைப் படமெடுக்கும் கருவிக்கு 1925இல் காப்புரிமை பெற்றார். 1928இல் கோடாக் அதை வாங்கி, ‘ரெகார்டாக்’ என்ற பெயரில் வங்கிகளுக்குக் கொண்டுபோனது. காசோலைகள் பெல்ட்டில் ஓட ஓட, ஃபிலிமும் அதற்கு ஈடாக நகரும். “அந்தச் செக்கை நான் கொடுக்கவேயில்லை” என்று யாராவது வந்து நின்றால், எடுத்துக் காட்டப் படம் இருக்கும்.

சரி, சேமித்தாயிற்று. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒன்றை எப்படித் தேடுவது? 1930களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியாளர் வன்னிவர் புஷ் இதற்காகவே ‘ரேபிட் செலக்டர்’ கருவியில் இறங்கினார். பணம் கொடுத்தவர்களில் கோடாக்கும் ஒன்று. 1960களில் அந்த நிறுவனமே ‘மிராகோட்’ முறையை விற்றது. அதில் பக்கத்தின் எண் மட்டுமல்ல, அது எதைப் பற்றியது என்பதும் படத்துக்கு அருகிலேயே கறுப்பு வெள்ளைக் குறியீடாகப் பதிவாகும். படத்தையும் அதைத் தேடும் வழியையும் ஒரே ஃபிலிமில் வைத்த அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். உங்கள் சுருளில் ஒற்றைக் கட்டத்துக்குப் பதில் வரிசை வரிசையாகக் குறியீடு தெரிந்தால், விஷயம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

முதல் வேலை, சுருள்களோடு வந்த அட்டவணைப் பதிவேட்டைத் தேடுவது. எந்தக் கோப்பு எந்தச் சுருளில், எத்தனையாவது கட்டத்தில் என்பது அதில்தான் இருக்கும். பீரோவின் அடித்தட்டையும் பாருங்கள். ஸ்கேன் செய்பவரிடம் ஃபிலிமின் முழு அகலத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கம் வந்தாலும் விடக்கூடாது, எண்ணிக்கை தவறிவிடும். ஸ்கேன் செய்து வரும் கணினிக் கோப்பின் பெயரில் சுருள் எண், கட்ட எண் இரண்டும் இருக்கட்டும்.

அப்புறம், பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருள்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஸ்கேனுக்கு முதலில் போக வேண்டியவை அவைதான்.