மார்ச் 2022: நாளை வேக்கோவில் ஆடப்போவது நம் ஊர்ப் பெண்கள்

தம்பி, நம் தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி நாளை வேக்கோவில் பெய்லர் பல்கலைக்கழகத்தோடு ஆடுவதைப் பார்க்க நான்கு பேர் காரில் போகலாமா என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு வேக்கோவுக்குக் காரில் கிளம்ப வேண்டாம். நம் பல்கலைக்கழகம் இருக்கும் வெர்மில்லியனிலிருந்து டெக்சாஸில் இருக்கும் அந்த ஊருக்கு 800 மைலுக்கு மேல். நிற்காமல் ஓட்டினாலே 12 மணி நேரத்தைத் தாண்டும். நான்கு பேரில் ஒருவரிடம்தான் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒருவர் இரவு முழுவதும் ஓட்டி, ஆட்டம் பார்த்து, மறுபடி இரவு முழுவதும் ஓட்டித் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார வேண்டும். மார்ச் மாதத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளை நம்பக் கூடாது. பகலில் உருகிய பனி, இரவில் கண்ணுக்குத் தெரியாத பாளமாக உறைந்து கிடக்கும். வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்களுக்கு அந்தச் சாலை பழகியிருக்காது.

அரிசி எங்கே கிடைக்கும், எந்த போன் திட்டம் மலிவு என்றும் கேட்டிருந்தீர்கள். அரிசி சூ ஃபால்ஸில் கிடைக்கும். போன் திட்டத்தை உங்களுடன் படிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் மூன்றாவது கேள்வி: "ஊரே இந்தப் பெண்கள் கூடைப்பந்து பற்றிப் பேசுகிறதே, அக்கா, இது அவ்வளவு பெரிய விஷயமா? பெய்லரை நம் பல்கலைக்கழகம் வெல்ல வாய்ப்பு உண்டா? நண்பர் ஒருவர் செல்போன் செயலியில் பணம் கட்டச் சொல்கிறார், கட்டலாமா?"

பணம் கட்டாதீர்கள். நம் மாநிலத்தில் டெட்வுட் போன்ற சில இடங்களில், சூதாட்ட விடுதிக்குள் மட்டுமே விளையாட்டுப் பந்தயம் கட்ட முடியும். டெட்வுட்டிலும் இந்த மாநிலத்துக் கல்லூரி அணிகள் மீது கட்ட முடியாது. அதனால்தான் உங்கள் நண்பர் ஆற்றைத் தாண்டி அயோவா எல்லைக்குள் போய்ச் செல்போனைத் திறக்கிறார். ஜெயித்தால் வரி ஏதும் இல்லை என்று அவர் சொன்னாராம். தவறு. மாணவர் விசாவில் இருக்கும் உங்களைப் போன்றவர்களின் சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வரியைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் இருக்கிறது. கல்விக் கட்டணத்துக்காக ஊரில் அப்பா கடன் வாங்கி அனுப்பிய பணத்தை இப்படித் தொலைத்து, அதை ஈடுகட்ட வளாகத்துக்கு வெளியே திருட்டுத்தனமாக வேலைக்குப் போய், விசாவையே இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை, அதற்கு மேல் ஒரு மணி நேரமும் வேண்டாம்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன்.

கல்லூரி அணிகளின் இந்தத் தேசியத் தொடரில் இந்த 2022-ஆம் ஆண்டுதான் முதன்முறையாக 68 பெண்கள் அணிகள் ஆடுகின்றன. நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரநிலை (1 தான் மிக வலுவான அணி); கடைசிச் சில இடங்களுக்கு முன்கூட்டியே தகுதி ஆட்டங்கள் நடக்கும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெய்லருக்கு 2-ஆம் தரநிலை, நமக்கு 10. ஆண்கள் தொடரில் எல்லா ஆட்டங்களும் பொதுவான ஊர்களில் நடக்கும். பெண்கள் தொடரில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு அணிகள், முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் சொந்த அரங்கிலேயே ஆடும். அதாவது சிறிய அணி, பெரிய அணியோடு மட்டும் மோதுவதில்லை. அதன் வீட்டுக்கூடத்துக்கே போய், அதன் கூட்டத்துக்கு நடுவே மோத வேண்டும். 1998-இல் 16-ஆம் தரநிலையில் இருந்த ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கில் அவர்களை 71-67 என்று வீழ்த்தியது. முதல் தரநிலை அணியை 16-ஆம் தரநிலை அணி வென்றது அதுவே முதல்முறை. ஆண்கள் அதைச் செய்ய 2018 வரை ஆயிற்று. ஆகவே, அதிசயம் நடக்காது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

பெய்லர் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் தேசியச் சாம்பியன். 2009 முதல் இந்தத் தொடர் நடந்த ஒவ்வொரு ஆண்டும் கடைசி 16 அணிகளுக்குள் வந்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அவர்களை நடத்திய பயிற்சியாளர் கிம் மல்கி சென்ற ஆண்டு லூசியானாவுக்குப் போய்விட்டார். புதிய பயிற்சியாளர் நிக்கி காலனுக்கு இது முதல் ஆண்டு. ஆனாலும் பலம் குறையவில்லை. நலிசா ஸ்மித் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேல் எடுக்கிறார், ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) 11-க்கு மேல். பக்கத்தில் க்வீன் எக்போ. கூடைக்கு அடியில் இந்த இருவரும் கையை உயர்த்தி நின்றால், நம் பெண்கள் வளையத்தைப் பார்ப்பதே கடினம்.

நம் அணியான கொயோட்ஸ் எப்படி ஜெயிக்க முடியும்? வேகமாக ஓடி அல்ல. நிதானத்தால்தான். இந்த அணி ஆட்டத்துக்கு 55 புள்ளிகளுக்கும் குறைவாகவே எதிரிக்குக் கொடுத்து வந்திருக்கிறது. பந்து கிடைத்ததும் எறிய மாட்டார்கள். 30 விநாடிக் கடிகாரத்தைக் கடைசி வரை கரைத்து, ஐந்து பேரும் பந்தைத் தொட்ட பிறகுதான் எறிவார்கள். அப்படி ஆடினால் எதிரிக்கு வாய்ப்புகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். பத்துப் பதினோரு நாளுக்கு முன்பு சூ ஃபால்ஸில் நடந்த, நம் அணி ஆடும் சம்மிட் லீக்கின் இறுதி ஆட்டத்தில் நம் மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான தெற்கு டகோட்டா ஸ்டேட்டை 56-45 என்று மடக்கியது இப்படித்தான். நேற்று தேசியத் தொடரின் முதல் சுற்றில் மிசிசிப்பியை 75-61 என்று வென்றபோது நன்றாக எறியவும் தெரியும் என்று காட்டிவிட்டார்கள். பெரிய கல்லூரிகள் ஆடும் இந்தத் தொடரில் இந்தப் பல்கலைக்கழகத்துப் பெண்களுக்கு அதுதான் முதல் வெற்றி.

நாளை நான் கவனிக்கப்போவது ஹன்னா ஷெர்வனை. உயரமான நடு ஆட்டக்காரர், ஆனால் வெளியே நின்று மூன்று புள்ளி எறியவும் தெரிந்தவர். அவர் வெளியே வந்து நின்றால் எக்போவும் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அந்தக் காலி இடத்துக்குள் க்ளோயி லாம் நுழைவார். ஓனிடா என்ற, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரிலிருந்து வந்த பெண் அவர். ஸ்மித்துக்குப் பந்து போகும்போது இரண்டாவது ஆள் உடனே போய் நெருக்க வேண்டும். பெய்லர் வெளியிலிருந்து எறியட்டும். ராப்பிட் சிட்டிக்காரர் கயா வாட்சன் ரீபவுண்டுகளைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஷெர்வனுக்கு முதல் பாதியில் மூன்றாவது ஃபவுல் விழாமல் இருக்க வேண்டும். ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டும், அவர் இடத்தை நிரப்ப அதே தரத்தில் இன்னொருவர் நம்மிடம் இல்லை. பெய்லர் 60-ஐத் தொடாவிட்டால் நாம் ஜெயிப்போம். 70-ஐத் தொட்டால் நமக்கு இல்லை.

பயப்படுவார்களா என்று கேட்காதீர்கள். நவம்பரில் சூ ஃபால்ஸிலேயே தென் கரோலினாவோடு ஆடி 30 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். நாட்டின் மிகச் சிறந்த அணி எப்படி நெருக்கும் என்று உடம்பால் அறிந்துவிட்டார்கள். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. 2020-இல் இதே அணி 30 வெற்றி, 2 தோல்வி. லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை. லீக் கோப்பையை வென்ற அந்த வாரமே கொரோனாவால் தேசியத் தொடர் ரத்தானது. அந்த அணியில் ஆடிய சியாரா டஃபிக்கு அதுதான் கடைசி ஆண்டு, அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு சான் அன்டோனியோவில் முதல் சுற்றிலேயே ஆரிகனிடம் தோல்வி. பெண்களுக்கு ஓர் அடுக்கு கைப்பளுக்களை மட்டும் வைத்துவிட்டு, ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம் அமைத்தார்களே, அந்தத் தொடர்தான் அது. அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர் ஆரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ். லாமும் ஷெர்வனும் கொரோனாவுக்காகக் கிடைத்த கூடுதல் ஆண்டை வேறெங்கும் போய்ச் செலவிடாமல் வெர்மில்லியனிலேயே தங்கி ஆடுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஆட்களை மாற்றிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், பல பருவங்கள் சேர்ந்தே ஆடிய பெண்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பந்து போடுவது நம்மிடம்தான் இருக்கிறது.

இந்த ஊரில் பல வருடமாக இருக்கும் நம்மவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சனி ஞாயிறு என்றால் யாராவது ஒருவர் வீட்டில் பிரியாணி, ஐபிஎல் கணக்கு, டல்லாஸில் வீட்டு விலை, நியூ ஜெர்சிக்கு மாற்றல். "பெண்கள் ஆட்டமா, அதுவும் கல்லூரியா?" என்று என்னிடம் முகத்தைச் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இங்கே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அப்படி இருக்கக் கூடாது.

நான் 2008 ஜனவரியில் வெர்மில்லியனுக்கு வந்தேன். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொன்ன நம் ஊர்க்காரர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. சென்னையில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டரோடு அந்தக் காற்றில் நின்றேன். முகத்தில் தோல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. என் அறை இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். வடமேற்கு அயோவாவில் பண்ணை வீட்டில் பிறந்தவர். என்னைப் பார்த்ததும் தன் பழைய கோட்டைக் கொடுத்தார். அந்த வாரமே நம் பெண்கள் ஆடிய டகோட்டா டோம் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு அன்று கூடைப்பந்து ஒரு பொருட்டே இல்லை. உள்ளே கதகதப்பாக இருந்தது, அதற்காகவே போனேன்.

அந்தப் பாட்டி சொன்ன கதைதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். அவர் 1950-களில் பள்ளி அணியில் ஆடியவர். அயோவாவில் அப்போது பெண்களுக்கு ஒரு பக்கம் ஆறு பேர். மூவர் எதிரணிக் கூடையின் பக்கம் புள்ளி எடுப்பார்கள், மூவர் தங்கள் கூடையைக் காப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. 1993 வரை அந்த ஆட்டம் இருந்தது. மாநில இறுதிப் போட்டி என்றால் டெ மோய்ன் அரங்கம் நிரம்பி வழியும், கடையை அடைத்துவிட்டு ஊரே கிளம்பிப் போகும் என்று சொல்வார். பெண்களின் விளையாட்டுக்குச் சம உரிமை கொடுத்த 1972 சட்டத்துக்கு எவ்வளவோ முன்பே இந்தச் சோளக்காட்டு ஊர்கள் பெண்கள் ஆட்டத்துக்குக் கூடின. இன்று வெர்மில்லியன் கடைத்தெருவில் சிவப்புச் சட்டையோடு நிற்கும் முதியவர்களைப் பாருங்கள். திடீர் மோகத்தில் வந்தவர்கள் இல்லை அவர்கள்.

நான் வந்த அந்தப் பருவத்தில் நம் பெண்கள் சிறிய கல்லூரிகளுக்கான இரண்டாம் நிலையின் (டிவிஷன் 2) தேசிய இறுதி வரை போய் வடக்குக் கென்டக்கியிடம் தோற்றார்கள். பாட்டி அன்று சமையலறையில் வானொலியை வைத்துக்கொண்டு அழுதார். அதே ஆண்டு பல்கலைக்கழகம் பெரிய கல்லூரிகளுக்கான முதல் நிலைக்கு (டிவிஷன் 1) மாறத் தொடங்கியது. சிறிய ஊருக்கு ஏன் இந்தப் பெரிய ஆசை என்று பலர் கேட்டார்கள். 2016-இல் டகோட்டா டோமில் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடி, ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்டை வீழ்த்தி தேசியத் தொடரில் இடம் கிடைக்காத அணிகளுக்கான டபிள்யூ.என்.ஐ.டி. கோப்பையை வென்றதைப் பார்த்தபோது நான் என் கணவரோடு மேல் வரிசையில் இருந்தேன். பாட்டி அதைப் பார்க்க இல்லை. அந்த மகிழ்ச்சி அடங்கும் முன்பே பயிற்சியாளர் ஏமி வில்லியம்ஸை நெப்ராஸ்கா அழைத்துக்கொண்டு போய்விட்டது. சிறிய ஊர் வளர்த்துக் கொடுப்பதைப் பெரிய ஊர் காசோலையோடு வந்து எடுத்துக்கொண்டு போகும். இப்போதைய பயிற்சியாளர் டான் ப்ளிட்சுவைட்டையும் நாளை ஜெயித்த கையோடு யாராவது கேட்டு வருவார்கள் என்று எனக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது. இருந்தாலும் ஜெயிக்கட்டும்.

நாளை அறையில் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். கடைத்தெருவில் பெரிய தொலைக்காட்சி இருக்கும் எந்த உணவகத்துக்காவது ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய், வயதானவர்கள் இருக்கும் மேசையில் இடம் கேளுங்கள். விதி புரியாவிட்டால் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். ஜெயித்தால் அடுத்த ஆட்டம் அடுத்த வார இறுதியில் கான்சாஸின் விச்சிட்டாவில். அது சுமார் 6 மணி நேரம்தான், பகலிலேயே போய்விடலாம். நானும் என் கணவரும் போகிறோம், காரில் இரண்டு இடம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் நாளை இரவே எழுதுங்கள், டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன்.