மூணு வாரம் ஆச்சு, ஓசிடி மாத்திரை கேக்கவே இல்லையே, நிறுத்திடலாமா?

12 வயசு பொண்ணு, கை கழுவ போனா அரை மணி நேரம் வெளிய வரமாட்டா, ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் வந்து ஒரே செயல திரும்பத் திரும்ப பண்ண வைக்கிற மனநோய்னு சொல்லி செர்ட்ராலின் 25 மில்லிகிராம் எழுதி குடுத்தாங்க, மூணு வாரமா ஒரு மாற்றமும் இல்ல, மாமியார் வேற இது பழக்கமாயிடும் நிறுத்துன்னு சொல்றாங்க, என்ன பண்ணட்டும்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

நீங்களா நிறுத்தாதீங்கம்மா. இந்த வயசுக்கு 25ங்கறது ஆரம்ப டோஸ்தான், பாத்து பாத்து ஏத்துவாங்க, தேவைப்பட்டா 200 வரைக்கும் போகும், ஓசிடி மெதுவாத்தான் மசியும், சரியான டோஸ்ல 8லேர்ந்து 12 வாரம் போகாம கேக்குது கேக்கலன்னு முடிவு பண்ணவே முடியாது. அப்புறம் இது தூக்க மாத்திரை இல்ல, போதை மாதிரி ஏங்க வைக்காது. ஆனா திடீர்னு விட்டா தலைசுத்தல், எரிச்சல், தூக்கம் கெடறதுன்னு வரும், அதப் பாத்துதான் பழக்கமாயிடுச்சுன்னு பேசறாங்க, நிறுத்தறப்ப படிப்படியா குறைச்சா போதும்.

பயப்பட வேண்டிய இடம் வேற. முதல் சில வாரமும், டோஸ் ஏத்தற ஒவ்வொரு தடவையும் கவனமா இருங்க, ஒரு இடத்துல உக்காராம தவிக்கிறது, தூங்காம ஓவரா பேசறது, வழக்கத்துல இல்லாத கோபம் தெரிஞ்சா உடனே டாக்டருக்கு போன் போடுங்க. 2004ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைங்களுக்கு எச்சரிக்கை போட்டுச்சு, ஆய்வுகள்ல மாத்திரை எடுத்த பிள்ளைங்கள்ல 100க்கு 4 பேருக்கு தற்கொலை எண்ணமோ அந்த மாதிரி நடத்தையோ வந்துச்சு, வெறும் டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 2 பேருக்கு, அந்த ஆய்வுகள்ல யாரும் சாகல. அதனால அவ கிட்ட நேரடியா கேளுங்க, கேட்டா எண்ணத்த தூண்டி விட்ட மாதிரி ஆகாது. செத்துப்போறேன்னு சொன்னா தனியா விடாம அன்னிக்கே காஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போங்க.

நான் உங்ககிட்ட கேக்கறது, தெரபி ஆரம்பிச்சீங்களா? அதே 2004ல அமெரிக்காவுல 112 பிள்ளைங்கள வச்சு 12 வாரம் பண்ண ஆய்வுல ஓசிடி கிட்டத்தட்ட இல்லாமலே போனது செர்ட்ராலின் மட்டும் எடுத்தவங்கள்ல 100க்கு 21 பேருக்கு, சிபிடி தெரபி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்குற பேச்சு சிகிச்சை) மட்டும் எடுத்தவங்கள்ல 39, ரெண்டும் சேர்ந்து எடுத்தவங்கள்ல 54. இவ்வளவு வித்தியாசம் இருக்கறப்ப மாத்திரை சீட்டு மட்டும் குடுத்து அனுப்பறது எனக்கு உடன்பாடில்ல. அழுக்குன்னு தோணினதத் தொட்டுட்டு கழுவாம கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிற பயிற்சிதான் அதுல முக்கியம், வீட்ல நீங்க "சுத்தமாயிடுச்சு கண்ணு"ன்னு திரும்பத் திரும்ப சொல்றதயும் தெரபிஸ்ட் சொல்ற வேகத்துல குறைக்கணும்.

தினமும் கழுவ எத்தன நிமிஷம் ஆகுதுன்னு குறிச்சு வச்சு அடுத்த விசிட்ல காட்டுங்க. 12 வாரம் தாண்டியும் அசையலன்னா ஃப்ளூவாக்ஸெட்டினோ ஃப்ளூவாக்ஸமினோ மாத்துவாங்க, க்ளோமிப்ரமின் அதுக்கும் அப்புறம்தான், அதுக்கு ஈசிஜி எடுத்து பாக்கணும்.