தான்சானியா: முந்திரி முதல் சுவாஹிலி மணி வரை

முந்திரி வணிகக் கணக்கு வேலையாக தான்சானியாவின் துறைமுக நகரமான தார் எஸ் சலாமில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சான்சிபார் தனி நாடா, தான்சானியாவில் ஒரு பகுதியா?

பகுதிதான், ஆனால் கொஞ்சம் தனிக்குடித்தனம். பெருநிலமான தங்கனீக்கா 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றது. சான்சிபார் தீவுகளில் 1964 ஜனவரியில் புரட்சி வெடித்து சுல்தான் நாட்டைவிட்டு ஓடினார். அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று இரண்டும் இணைந்தன. தங்கனீக்காவின் 'தான்', சான்சிபாரின் 'சான்', இதுதான் பெயர்க் கதை. சான்சிபாருக்கு இன்றும் தனி ஜனாதிபதி, தனிச் சட்டமன்றம் உண்டு. படகில் போய் இறங்கினால் வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

120க்கும் மேற்பட்ட இனங்கள் என்கிறார்கள். அடித்துக்கொள்ள மாட்டார்களா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தேர்தல் தகராறும் போராட்டமும் அங்கே உண்டு, அவற்றில் ரத்தமும் சிந்தியிருக்கிறது. ஆனால் இனத்தை வைத்துக் கட்சி கட்டுவது எடுபடவில்லை. சுகுமாக்கள்தான் பெரிய இனம், அவர்களும் பெரும்பான்மை இல்லை. முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே பிறந்த சனாகி இனமோ மிகச் சிறியது. அவர் சுவாஹிலியைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் பொதுமொழியாக்கினார். கடற்கரை வணிகர்களின் மொழி அது, எந்தப் பெரிய இனத்தின் சொத்தும் இல்லை. அதனால் யாருக்கும் 'அவன் மொழியை என் தலையில் கட்டுகிறார்கள்' என்ற எரிச்சல் வரவில்லை.

அந்த மொழியில் நம் பக்கத்துச் சரக்கும் கலந்திருக்கிறது. கடை 'டுகா', வண்டி 'காரி', ஒரு லட்சம் 'லாக்கி'. ஆட்டோவுக்குப் பெயரே 'பஜாஜி'!

நியரேரேயின் சோஷலிசம் வெற்றியா, தோல்வியா?

பொருளாதாரத்தில் தோல்வி. 1967இல் சோஷலிசமே நாட்டின் பாதை என்று சொன்ன அருஷா பிரகடனம் வந்தது. அதன்பின் வங்கிகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. 1970களில் சிதறிக்கிடந்த விவசாயிகளை 'உஜமா' என்ற கூட்டுவாழ்வுக் கிராமங்களுக்குக் கட்டாயமாகக் குடிபெயர்த்தார்கள், விளைச்சல் சரிந்தது. ஆனால் எழுத்தறிவு நன்றாக உயர்ந்தது. 1985இல் அவரே பதவியை விட்டு இறங்கினார், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பண்ருட்டிக்காரன் கேட்கிறேன்: முந்திரி அவர்களிடம் இருக்கிறது, லாபம் ஏன் வேறு இடத்தில்?

நெத்தியடி. ம்ட்வாரா, லிண்டி என்று தெற்குப் பகுதி முழுக்க முந்திரி மரங்கள். அங்கே அறுவடை அக்டோபரில் தொடங்குகிறது. நம் ஊர்க் காய் பிப்ரவரிக்குப் பிறகுதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் ஆலை ஓட ஆப்பிரிக்கக் கொட்டை வேண்டும். விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டையைக் கொடுப்பார், அது கிடங்குக்குப் போகும், பிறகு ஏலம். எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் அனுப்புகிறவர்கள். உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் கூலி எல்லாம் அங்கே போய்விடுகிறது. 1970களில் அரசு கட்டிய ஆலைகளில் பலவும் பிறகு மூடிக் கிடந்தன.

2018இல் வியாபாரிகள் கேட்ட விலை போதாது என்று விவசாயிகள் விற்க மறுத்தார்கள். ஜனாதிபதி மகுஃபுலி ராணுவத்தையே இறக்கி, கிலோ 3,300 ஷில்லிங் வீதம் அரசே வாங்கும் என்றார். அறிவிப்புக்குக் கைத்தட்டல் பலம், பணம் வந்துசேரத்தான் பலருக்குத் தாமதம். வாங்குவது சுலபம், விற்பதுதான் தொழில் என்று அன்று புரிந்தது.

அப்படியென்றால் நாட்டுக்கு டாலர் எங்கிருந்து வருகிறது?

கெய்ட்டா பக்கத்துச் சுரங்கங்களின் தங்கம், செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்கா, கிளிமஞ்சாரோ மலை (5,895 மீட்டர்) பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள். அப்புறம் தார் எஸ் சலாம் துறைமுகம். கடலே இல்லாத சாம்பியா, ருவாண்டா, புருண்டி சரக்கெல்லாம் அதன் வழியாகவும் போகிறது.

அங்கே மணி வேறு மாதிரி என்பது உண்மையா?

உண்மை, நான் அடிபட்டவன். வந்த புதிதில் ஒரு டிரைவரிடம் காலை எட்டு மணியை நினைத்து 'சா நானே' என்று சுவாஹிலியில் பெருமையாகச் சொன்னேன். மனிதர் மதியம் இரண்டுக்கு வந்து நின்றார். தப்பு என்னுடையது. அவர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. நம் தாத்தாக்கள் நாழிகையை உதயத்திலிருந்து எண்ணியது போலத்தான்.

மகள் சான்சிபார் ஐஐடியில் சேர்கிறாள். சைவம், சமாளிப்பாளா?

சமாளிப்பாள். சென்னை ஐஐடி 2023இல் அங்கே கிளை தொடங்கியதிலிருந்து இதை அடிக்கடி கேட்கிறார்கள். 'வாலி வா நாசி' என்றால் தேங்காய்ப்பால் சோறு, 'மஹராகே' என்றால் பயறுக் குழம்பு, 'ம்சிச்சா' நம் தண்டுக்கீரையின் உறவு. சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமூ' சொல்லப் பழக்குங்கள். 'மராஹபா' என்று பதில் வரும், கடைக்காரப் பாட்டி மாம்பழ விலையையும் குறைப்பார்.