குகேஷ் – திங் 14-ஆம் ஆட்டம்: கணினி சமன் என்றதே, பிறகு எப்படித் தோல்வி?

உலகச் செஸ் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில், கணினி சமன் என்று காட்டிய நிலையிலிருந்து திங் எப்படித் தோற்றார் என்று ரங்கூன் டீக்கடையில் இன்னும் ஓயாத வாக்குவாதம் என்று எழுதியிருந்தீர்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். ரங்கூன் நேரப்படி பிற்பகல் 3.30-க்குத் தொடங்கிய ஆட்டம். கணினி சொன்னது சரிதான். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்றாலும், யானைகள் பலகையில் நிற்கும்வரை திங் லிரென் தாக்குப்பிடித்திருக்கலாம்.

55-ஆவது நகர்த்தலில் அவர் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோய் யானைக்கு யானை வெட்டக் கூப்பிட்டார். கேடு அங்கேதான். அவருடைய மந்திரி (பிஷப்) ஏ8 மூலையில் கிடந்தது! குகேஷின் கறுப்பு மந்திரி டி5-இல் வந்து நின்றதும் ஓட வழியில்லை, அதுவும் வெட்டுப்பட்டது. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அங்கே அந்த ஒற்றைச் சிப்பாயே போதும். 58-ஆவது நகர்த்தலில் திங் தோல்வியை ஒப்புக்கொண்டார், போட்டி 7.5–6.5 என குகேஷுக்கு.

அடுத்த முறை திரையில் கணினி காட்டும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். "பெரிய காய்கள் மாறிவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டுப் பாருங்கள்.